சர்வீஸ் போட்டவுடன் என்ன சொல்வது? புதிய கைப்பந்துப் பயிற்றுநர்களுக்கு ஒரு வழிகாட்டி

கைப்பந்து கற்க வந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கோட்டுக்குப் பின்னால் நின்று சர்வீஸ் போடுகிறாள். பந்து நெட்டைத் தாண்டியதா என்று பார்க்காமல், அடித்த மறுகணமே திரும்பிப் பயிற்றுநரின் முகத்தைப் பார்க்கிறாள். புதிதாகப் பயிற்சி அளிக்க வருகிறவர்கள் இந்தப் பார்வையை மரியாதை என்றோ ஆர்வம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். தன் கையும் கண்ணும் சொல்லியிருக்க வேண்டிய செய்தியை அவள் என்னிடம் எதிர்பார்த்து நிற்கிறாள் என்பதும், ஒவ்வொரு பந்துக்கும் ஏதாவது சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கத்தை ஊட்டியவன் நானே என்பதும் பிறகுதான் புரிந்தது.

பந்தை அடித்த பின் நாம் சொல்லும் ஒரு வரி இரண்டு வேலைகளைச் செய்கிறது. அடுத்த அடியை எப்படி மாற்ற வேண்டும் என்ற செய்தியை அது தருகிறது. அதே நேரத்தில், அடுத்த அடியை அடிக்க வேண்டும் என்ற விருப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. முதல் வேலையை நாம் எல்லோரும் அறிவோம். இரண்டாவது வேலையும் கற்றலின் உள்ளேயே நடப்பது என்பதைக் கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றை மைதானத்தில் எப்படிக் கையாள்வது என்பதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் சர்வீஸைப் பற்றியவை. நீச்சலோ சிலம்பமோ கற்பிப்பவரும் தம் கலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பின்னூட்டம் எங்கிருந்து வருகிறது

ஒரு செயலைச் செய்தவருக்கு அந்தச் செயலைப் பற்றித் திரும்பக் கிடைக்கும் செய்தியே பின்னூட்டம். அதில் பெரும்பகுதி யாரும் சொல்லாமலேயே கிடைத்துவிடுகிறது: உள்ளங்கையில் பட்ட அதிர்வு, பந்து எழுப்பிய ஒலி, அது போய் விழுந்த இடம். எஞ்சியதுதான் பயிற்றுநரின் வாயிலிருந்தோ கைப்பேசிக் காணொளியிலிருந்தோ வருவது. அதிலும் விளைவைப் பற்றிய செய்தி வேறு, செய்த விதத்தைப் பற்றிய செய்தி வேறு. "பந்து ஒரு முழம் வெளியே போய்விட்டது" என்பது விளைவு. "பந்தைத் தலைக்குப் பின்னால் எறிந்துவிட்டாய்" என்பது செய்த விதம். விளைவு கண்ணுக்குத் தெரிகிற ஒரு விளையாட்டில் பயிற்றுநர் விளைவையே திரும்பச் சொல்வதால் பயன் சிறிதும் இல்லை. நெட்டில் பட்ட பந்தைப் பார்த்து "நெட்" என்று கத்துவதை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

பார்வை மறைக்கப்பட்ட நிலையில் மட்டும் கதை வேறு. 1927-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக், கண்ணைக் கட்டிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்தில் கோடு வரையும்படி சிலரைக் கேட்டார். "சரி", "தவறு" என்று சொல்லப்பட்டபோது அவர்கள் தேறினார்கள். எதுவும் சொல்லப்படாதபோது எத்தனை முறை வரைந்தும் தேறவில்லை. 1932-இல் ட்ரோபிரிட்ஜ், கேசன் என்ற இருவர், எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று அளவோடு சொன்னால் வெறும் சரி, தவறு சொல்வதைவிடப் பலன் அதிகம் என்று காட்டினார்கள். இவற்றிலிருந்து, பின்னூட்டம் அதிகமாகவும் உடனடியாகவும் துல்லியமாகவும் இருந்தால் கற்றலும் அந்த அளவுக்கு நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றியது. இன்றும் பெரும்பாலான மைதானங்களில் அந்த நம்பிக்கையே ஆட்சி செய்கிறது.

முதற்படி: சொல்வதற்கு முன் எண்ணத் தொடங்குங்கள்

1984-இல் சால்மோனி, ரிச்சர்ட் ஷ்மிட், வால்டர் ஆகிய மூவர், அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு கேள்வி எழுப்பினார்கள். பயிற்சி நடக்கும்போது நன்றாகச் செய்வதும், கற்றுக்கொண்டதும் ஒன்றா? பின்னூட்டம் கிடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் செய்வதை வைத்து அவர் கற்றதை அளக்க முடியாது. பின்னூட்டத்தை நிறுத்திவிட்டு, ஓரிரு நாள் கழித்து அதே செயலைச் செய்யச் சொல்லிப் பார்த்தால்தான் எது நிலைத்தது என்று தெரியும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ளாத பயிற்றுநருக்கு, கீழே சொல்லப்போகும் எதுவும் மைதானத்தில் தவறாகவே தோன்றும். ஏனென்றால், நல்ல பின்னூட்ட முறைகள் பல, அன்றைய மாலைப் பயிற்சியைச் சற்று மோசமாகவே காட்டும்.

ஆகவே முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு பயிற்சி நாளின் தொடக்கத்திலும், உடலைச் சூடேற்றிய பிறகு, ஒவ்வொரு குழந்தையும் பத்து சர்வீஸ் போடட்டும். அந்தப் பத்துக்கும் நீங்கள் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது, தலையாட்டவும் கூடாது. எங்கள் மைதானத்தில் இதற்கு "மௌனப் பத்து" என்று பெயர். எத்தனை பந்துகள் நெட்டைத் தாண்டிக் கோட்டுக்குள் விழுந்தன என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். சென்ற பயிற்சியில் கற்றது எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை இந்த எண் சொல்லும். பயிற்சியின் முடிவில் எடுக்கும் எண்ணை நம்பாதீர்கள். அதில் உங்கள் குரலின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

அந்த எண்ணைக் குழந்தைக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் சொல்லுங்கள், ஆனால் பத்தும் முடிந்த பிறகு, அவளுடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டு. அளந்து சொல்வதற்கே ஒரு வலிமை உண்டு. 2010-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், பக்கவாதத்தால் மருத்துவமனையில் தங்கியிருந்த 179 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினரைத் தினமும் சிறிது தூரம் வேகமாக நடக்கச் சொல்லி, எவ்வளவு வேகத்தில் நடந்தார்கள் என்று சொல்லி ஊக்குவித்தார்கள். மற்றக் குழுவினருக்கு வேகம் சொல்லப்படவில்லை. வழக்கமான சிகிச்சை இருவருக்கும் நடந்தது. வீடு திரும்பும்போது முதல் குழு நொடிக்கு 0.91 மீட்டர் வேகத்திலும் இரண்டாவது குழு 0.72 மீட்டர் வேகத்திலும் நடந்தன. ஒரு நாளைக்கு ஒருமுறை சொல்லப்பட்ட ஓர் எண் செய்த வேலை அது.

இரண்டாம் படி: வெற்றி சாத்தியமாகும் தூரத்தில் நிறுத்துங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். விதிப்படி பெண்களுக்கான நெட்டின் உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர், சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 9 மீட்டர் தள்ளி இருக்கிறது, பந்தின் எடை 260 முதல் 280 கிராம். பத்து வயதுக் குழந்தையை இந்த அளவுகளோடு முதல் நாளே மோதவிட்டால் பத்தில் ஒன்றுகூடத் தாண்டாது. நல்ல அடியைப் பற்றிப் பேச வேண்டுமானால் நல்ல அடி என்று ஒன்று இருக்க வேண்டும். நெட்டைத் தாழ்த்துங்கள், ஐந்து அல்லது ஆறு மீட்டர் தூரத்தில் நிறுத்துங்கள், எடை குறைந்த பந்தைக் கொடுங்கள். பத்தில் ஐந்து ஆறு தாண்டுகிற தூரமே தொடங்கும் தூரம். எட்டு தாண்டினால் ஓரடி பின்னால் நகர்த்துங்கள்.

மூன்றாம் படி: குறைத்துச் சொல்லுங்கள், ஆனால் தொடக்கத்தில் அல்ல

1989-இல் ஷ்மிட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு நெம்புகோலைக் குறித்த நேரத்தில் நகர்த்தும் பயிற்சியைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் பிழை சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு ஐந்து, பத்து அல்லது பதினைந்து முயற்சிகள் முடிந்தபின் மொத்தமாகச் சொல்லப்பட்டது. பயிற்சியின்போது ஒவ்வொன்றுக்கும் கேட்டவர்களே முன்னணியில் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பின்னூட்டம் இல்லாமல் சோதித்தபோது வரிசை தலைகீழானது. பதினைந்துக்கு ஒருமுறை கேட்டவர்களின் பிழையே மிகக் குறைவு. மறு ஆண்டில் கரோலி வின்ஸ்டீனும் ஷ்மிட்டும், முதலில் அடிக்கடி சொல்லிப் போகப்போகக் குறைத்து, மொத்தத்தில் பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொன்னபோது, எல்லாவற்றுக்கும் சொன்னதைவிட மறுநாள் நினைவில் நிற்பது நன்றாக இருந்ததைக் காட்டினார்கள்.

காரணத்தை ஓர் ஊன்றுகோலை நினைத்து விளங்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு அடிக்கும் வெளியிலிருந்து திருத்தம் வந்துகொண்டிருந்தால், கை தந்த உணர்வையும் பந்து போன வழியையும் இணைத்துப் பார்க்கும் வேலையைக் கற்பவர் செய்வதே இல்லை. மேலும், சிறு சிறு பிழைகளையும் அவ்வப்போது திருத்தச் சொல்லும்போது, அடுத்த அடியில் ஏதாவது ஒன்றை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை உண்டாகி, ஒரே மாதிரியாக அடிக்கும் நிலைத்தன்மை வராமலேயே போகிறது. கை ஒருபோதும் ஒரே செயலை இரண்டு முறை செய்து பார்ப்பதில்லை.

ஆனால் இதைக் கேட்டவுடன் வாயை மூடிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. ஆய்வகத்து நெம்புகோல் ஓர் எளிய செயல், சர்வீஸ் அப்படியல்ல. இடக் கையால் பந்தை மேலே எறிந்து (இதுதான் டாஸ்), வலக் கையைப் பின்னிழுத்து, எடையை முன்காலுக்கு மாற்றி, பந்து இறங்கும் கணத்தில் அடிக்க வேண்டும். பனிச்சறுக்குப் பாவனைக் கருவி போன்ற, உடல் முழுதும் ஈடுபடும் செயல்களில் அடிக்கடி கிடைத்த பின்னூட்டம் கற்றலுக்கு உதவியதை காப்ரியேல் வுல்ஃபும் அவருடைய குழுவினரும் 1998-இல் கண்டார்கள். குறைத்துச் சொல்வதன் பலன் பற்றிய ஆய்வுகளை 2022-இல் தொகுத்துப் பார்த்தவர்களும் அதைத் திட்டவட்டமாக நிறுவ முடியவில்லை. ஆகவே இதை விதியாக அல்லாமல் திசைகாட்டியாகக் கொள்ளுங்கள். என் நடைமுறை இது: முதல் இரண்டு வாரங்களில் ஏறத்தாழ இரண்டு அடிக்கு ஒருமுறை சொல்கிறேன், அசைவின் உருவம் கைவந்த பிறகு ஐந்துக்கு ஒருமுறை, ஒன்றரை மாதத்துக்குப் பின் பத்துக்கு ஒருமுறை, அதுவும் தேவைப்பட்டால்.

எண்ணிக்கொண்டு நிற்பது சிரமம் என்றால் வேறொரு வழி இருக்கிறது. கோர்ட்டின் எதிர்ப்புறத்தில் ஒரு பெரிய வட்டத்தைச் சுண்ணாம்பால் வரையுங்கள். பந்து அதற்குள் விழுந்தால் எதுவும் சொல்வதில்லை. வெளியே விழுந்தால் மட்டுமே சொல்வது. மௌனத்துக்கு "சரியாகத்தான் போகிறது" என்பதே பொருள் என்று குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஷெர்வுட் 1988-இல் நடத்திய ஆய்வில், இலக்கிலிருந்து பத்து விழுக்காட்டுக்கு மேல் பிழை ஏற்பட்டபோது மட்டும் அளவு சொல்லப்பட்டவர்களின் அசைவு, எல்லா முயற்சிக்கும் சொல்லப்பட்டவர்களின் அசைவைவிடச் சீராக இருந்தது. குழந்தை தேறத் தேறச் சொல்லும் தேவை தானாகவே குறைவது இந்த முறையின் அழகு.

நான்காம் படி: பொறுத்திருந்து, முதலில் கேளுங்கள்

எனக்கு இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைச் சொல்ல அனுமதி உண்டு என்றால் இதைத்தான் சொல்வேன். பந்து விழுந்ததும் மூன்று நான்கு நொடி பொறுங்கள். பிறகு கேளுங்கள்.

"எப்படி இருந்துச்சு, பாப்பா?"

"கை கீழே பட்டுருச்சு, சார். அதான் மேலே போயிருச்சு."

இந்தப் பதில் வந்துவிட்டால் உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. முதல் சில நாட்களில் "தெரியலை, சார்" என்றுதான் வரும். "வலப் பக்கம் போச்சா, இடப் பக்கம் போச்சா? உள்ளங்கையில பட்டுச்சா, விரல்ல பட்டுச்சா?" என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளாகக் கேட்டால் மெல்ல மெல்ல உணர்வு திரும்பும். 1990-இல் ஸ்வின்னன் குழுவினர், செயல் முடிந்த கணமே விளைவைச் சொல்வது, சில நொடி தாமதித்துச் சொல்வதைவிடக் கற்றலுக்குக் கெடுதல் என்று காட்டினார்கள். அந்த இடைவெளியில்தான் கற்பவர் தம் உடல் சொன்னதைக் கேட்கிறார். 2001-இல் குவாடக்னோலி, கோல் இருவரும் இன்னும் ஓர் அடி முன்னே போனார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் பிழை சொல்லப்பட்டாலும், அதற்கு முன் கற்பவர் தம் பிழையைத் தாமே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டால், அடிக்கடி சொல்வதன் தீமை மறைந்து நன்மையே மிஞ்சியது. நாம் பேசுவதால் வரும் கேடு, அவர்கள் சிந்திக்கும் முன்பே நாம் பேசிவிடுவதால் வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கைப்பேசியில் எடுத்த காணொளியைக் காட்டுவதாக இருந்தாலும் இதே ஒழுங்குதான். முதலில் அவள் சொல்லட்டும், பிறகு காணொளியைப் பார்க்கட்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டுங்கள். புதியவர்களிடம் காணொளியைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் அவர்கள் தம் முகத்தையும் உடையையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஐந்தாம் படி: நன்றாகப் போன அடியைப் பற்றிப் பேசுங்கள்

பிழை நடந்தபோதுதான் பயிற்றுநருக்கு வேலை என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். பிரேசில் நாட்டு ஆய்வாளர் சுசெட் சிவியாகோவ்ஸ்கியும் வுல்ஃபும் 2007-இல் இதைச் சோதித்தார்கள். கற்பவர்கள் இலக்கைப் பார்க்க முடியாத நிலையில், பழக்கமில்லாத கையால் சிறு பைகளை இலக்கை நோக்கி எறிந்தார்கள். ஆறு எறிகளுக்குப் பின், ஒரு குழுவினருக்கு அவற்றுள் சிறந்த மூன்றின் விளைவும், மற்றக் குழுவினருக்கு மோசமான மூன்றின் விளைவும் சொல்லப்பட்டன. செய்தியின் அளவு இருவருக்கும் சமம். ஆனால் பின்னூட்டமில்லாத சோதனையில் நல்ல எறிகளைப் பற்றிக் கேட்டவர்களே நன்றாக எறிந்தார்கள். பிழையைப் பற்றிய செய்தியால்தான் கற்றல் நடக்கிறது என்றால் முடிவு எதிராக அல்லவா வந்திருக்க வேண்டும்? "என்னால் முடிகிறது" என்ற உணர்வும் கற்றலை உறுதியாக்கும் ஒரு பொருள் என்று ஏற்றுக்கொண்டால்தான் இந்த முடிவு விளங்கும். 2016-இல் வுல்ஃபும் ரெபெக்கா லூத்வெய்ட்டும் இத்தகைய முடிவுகளைத் திரட்டி, வெற்றி பற்றிய எதிர்பார்ப்பு, தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, கவனத்தை உடலுக்கு வெளியே வைத்தல் ஆகிய மூன்றும் இயக்கக் கற்றலுக்குத் துணை செய்கின்றன என்ற கோட்பாட்டை வகுத்தார்கள்.

மைதானத்தில் இதைச் செய்வது எளிது. ஆறு சர்வீஸ் போடவிட்டு, "மூணாவது பந்து பார்த்தியா? டாஸ் நேரா மேலே போச்சு, அதனாலதான் கை முழுசா பட்டுச்சு. அதே மாதிரி இன்னும் ஆறு போடு" என்று சொல்லுங்கள். மற்ற ஐந்தைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம். நெட்டில் விழுந்த ஐந்தை அவளே பார்த்தாள்.

பாராட்டுக்கு மறுநாள்வரை நீளும் வேலையும் உண்டு. 2012-இல் ஜப்பானில் 48 பேருக்கு விரல்களால் ஒரு வரிசையை வேகமாகத் தட்டும் பயிற்சி கொடுத்து, பயிற்சி முடிந்தபின் சிலரை மட்டும் பாராட்டினார்கள். மறுநாள் சோதித்தபோது, தாம் பாராட்டப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகத் தேறியிருந்தார்கள். பயிற்சி ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒவ்வொரு குழந்தையிடமும் அன்று சரியாக வந்த ஒன்றைச் சொல்லி அனுப்புவது என் கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். 2010-இல் லூத்வெய்ட்டும் வுல்ஃபும், ஆடும் பலகையில் சமநிலையோடு நிற்கப் பயின்றவர்களில் ஒரு குழுவிடம், நீங்கள் சராசரியைவிட மேலாகச் செய்கிறீர்கள் என்று உண்மைக்குத் தொடர்பில்லாமல் சொன்னார்கள். அவர்களே பிறகு மற்றவர்களைவிட நன்றாக நின்றார்கள். ஆய்வுக்கு அது பொருந்தும். மைதானத்தில் பொய் சொல்லாதீர்கள். குழந்தைகள் ஒருவருடைய பந்தை ஒருவர் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒருமுறை பொய் பிடிபட்டால் உங்கள் உண்மையான பாராட்டுக்கும் மதிப்பு இருக்காது. நல்லதைத் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது வேறு, இல்லாத நல்லதைச் சொல்வது வேறு.

ஆறாம் படி: சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும், ஆனால் மூன்றும் பழக நாளாகும்.

ஒன்று, உடலுறுப்பைச் சொல்லாமல் பந்தையும் இலக்கையும் சொல்வது. "மணிக்கட்டை விறைப்பா வை, முழங்கையை உயர்த்து" என்றால் குழந்தையின் கவனம் முழுதும் கைக்குள் சுருங்கி அசைவு இறுகிப்போகிறது. "பந்தோட நடு வயித்துல அடி", "நெட்டுக்கு மேல ஒரு கொடிக்கயிறு கட்டியிருக்குன்னு நினைச்சு அதுக்கு மேல அனுப்பு" என்றால் கை தானே வழியைக் கண்டுபிடிக்கிறது. 2002-இல் வுல்ஃப் குழுவினர் இதைக் கைப்பந்து சர்வீஸிலேயே சோதித்தார்கள். ஒரு குழுவுக்குக் கை, மணிக்கட்டு, உடல் எடை என்று திருத்தம். மற்றதற்கு அதே திருத்தங்கள், கையில் ஒரு கிண்ணத்தை ஏந்தியிருப்பது போலவும் சாட்டையைச் சொடுக்குவது போலவும் உருவகமாக்கிச் சொல்லப்பட்டன. புதியவர்களானாலும் தேர்ந்தவர்களானாலும், இரண்டாவது வகையைக் கேட்டவர்கள் பயிற்சியிலும் பின்னர் நடந்த சோதனையிலும் துல்லியமாக அடித்தார்கள். கால்பந்தை வைத்து நடந்த அடுத்த சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: உடலைப் பற்றிய திருத்தத்தை அடிக்கடி சொன்னால் கேடு விளைந்தது, இலக்கைப் பற்றிய திருத்தத்தை அடிக்கடி சொன்னதில் கேடு இல்லை. அடிக்கடி பேசும் பழக்கத்தை விட முடியாதவர்கள் பேச்சின் பொருளையாவது மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று. சர்வீஸில் தொடக்கநிலைப் பிழைகள் பெரும்பாலும் டாஸிலிருந்து கிளம்புகின்றன. பந்து தலைக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ போனால் உடல் வளைந்து அதைத் துரத்துகிறது. அப்போது தோளைத் திருத்தியும் காலைத் திருத்தியும் பயனில்லை. டாஸ் சரியாகும்வரை மற்ற ஐந்து பிழைகளையும் கண்ணால் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் புதிய பயிற்றுநருக்கு மிகக் கடினமான வேலை.

மூன்று, ஆளைப் பற்றிப் பேசாமல் அடியைப் பற்றிப் பேசுவது. "நீ பிறவி ஆட்டக்காரி" என்ற பாராட்டு இனிக்கிறது, ஆனால் அடுத்த நாள் பந்து நெட்டில் விழும்போது அந்தப் பட்டமும் சேர்ந்து விழுகிறது. 2014-இல் சிவியாகோவ்ஸ்கியும் ட்ரூஸும், பந்தை உதைக்கக் கற்ற குழந்தைகளில் சிலரிடம் "நீ பெரிய உதைகாரன்" என்ற பொருளிலும், சிலரிடம் "இந்த உதைகள் நன்றாக இருந்தன" என்ற பொருளிலும் சொன்னார்கள். பிறகு எல்லோரிடமும் இப்போது சரியாக இல்லை என்று சொன்னபோது, முதல் வகைப் பாராட்டைப் பெற்றவர்களே அதிகம் தளர்ந்தார்கள். க்ளூகர், டெனிசி இருவரும் 1996-இல் அறுநூற்றுக்கும் மேற்பட்ட ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்ததில், பின்னூட்டம் பொதுவாக நன்மை செய்தாலும், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறனைக் குறைத்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய கவலைக்குத் தாவும்போது அதன் பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். திட்டுவது அந்தத் தாவலை உண்டாக்கும். ஆளைப் புகழ்வதும் உண்டாக்கும்.

ஏழாம் படி: கேட்கும் உரிமையை அவர்களிடம் கொடுங்கள்

அசைவு ஓரளவு கைவந்த பிறகு, "எப்போ சொல்லணும்னு நீயே கேளு, கேட்டாதான் சொல்லுவேன்" என்று அறிவித்துவிடுங்கள். 1997-இல் ஜானெல்லும் உடன் ஆய்ந்தவர்களும் நடத்திய எறிதல் பயிற்சியில், தாம் விரும்பிய போது மட்டும் பின்னூட்டம் கேட்டவர்கள் பத்தில் ஏறக்குறைய ஒரு முறைதான் கேட்டார்கள், ஆனாலும் நன்றாகவே கற்றார்கள். 2002-இல் சிவியாகோவ்ஸ்கியும் வுல்ஃபும் விசாரித்தபோது, கற்பவர்கள் பெரும்பாலும் தாம் நன்றாகச் செய்ததாக நினைத்த முயற்சிக்குப் பின்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. குழந்தை திருத்தத்தைவிட உறுதிப்பாட்டையே தேடி வருகிறாள் என்பதை இது காட்டுகிறது.

இந்தத் துறையின் ஆய்வுகள் பலவும் குறைந்த ஆட்களை வைத்து நடந்தவை, சாதகமான முடிவுகளே அதிகம் வெளியாகியுள்ளன என்று 2022-இல் மெக்கேயும் அவருடைய குழுவினரும் கடுமையாகவே விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தை நான் மதிக்கிறேன். இருந்தாலும் இந்தப் படியை விடவில்லை. இருபது குழந்தைகளை ஒருவராகப் பார்த்துக்கொள்ளும் பயிற்றுநருக்கு, தேவைப்படுகிறவர் கையைத் தூக்கிக் கேட்பது நடைமுறையில் பெரிய உதவி. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கூச்ச சுபாவம் உள்ள குழந்தை கேட்கவே மாட்டாள். அவளிடம் நீங்களே போய், "இப்போ சொல்லட்டுமா, இன்னும் அஞ்சு போட்டுட்டு கேக்குறியா?" என்று கேட்டால் தேர்வும் அவளிடமே இருக்கும், தனித்தும் விடப்பட மாட்டாள்.

காத்திருக்கக் கூடாத இடங்கள்

தோளில் வலி என்று ஒரு குழந்தை சொன்னாலோ, கையைப் பிடித்துக்கொண்டாலோ உடனே நிறுத்துங்கள். அதேபோல், ஒருவர் சர்வீஸ் போடும்போது மற்றொருவர் பந்தெடுக்கக் குறுக்கே ஓடினால் உரக்கக் கத்தியே ஆக வேண்டும். மேலே சொன்ன பொறுமை கற்றலுக்கானது, பாதுகாப்புக்கானது அல்ல.

போட்டி நாளிலும் வேறு விதி. நடுவர் விசில் ஊதியபின் எட்டு நொடிக்குள் சர்வீஸ் போட வேண்டும். அந்த எட்டு நொடியில் "டாஸைப் பாரு, காலை மாத்து" என்று வெளியிலிருந்து வரும் குரல், மாதக்கணக்கில் பழகிய அசைவைக் கலைத்துவிடும். எந்த இடத்தை நோக்கிப் போட வேண்டும் என்று மட்டும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர். நீங்கள் ஐந்துக்கு ஒருமுறை என்று அளந்து பேசிக்கொண்டிருக்க, வேலிக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்தால் உங்கள் அளவு வீணாகிவிடும். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். அக்கறையால் வரும் குரல் அது. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களுக்கு ஊக்கமும் தெளிவான செய்தியும் கலந்து பேசக் கற்பித்து, அதன் விளைவை 1992-இல் வெளியிட்டார்கள்: அந்தப் பயிற்சியைப் பெற்றவர்களிடம் ஆடிய சிறுவர்களில் 5 விழுக்காட்டினர் மட்டுமே மறு ஆண்டு விளையாட்டைக் கைவிட்டார்கள், மற்றவர்களிடம் ஆடியவர்களில் 26 விழுக்காட்டினர். பெற்றோர் கூட்டத்தில் நான் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒரு வேண்டுகோள் மட்டும் வைப்பேன். பயிற்சி நேரத்தில் நோட்டையும் பேனாவையும் பெற்றோர் ஒருவர் வாங்கிக்கொண்டு, மௌனப் பத்தில் எத்தனை பந்து உள்ளே விழுந்தது என்று எண்ணிக் குறித்துத் தர வேண்டும், வீட்டுக்குப் போகும் வழியில் குழந்தையிடம், "இன்னைக்கு எந்த பந்து நல்லா வந்துச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.